சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம்

சாளை மீன் வரட்டும், கேட்டுவிடலாம். சூப்பு வருவதற்கு முன்னாலும் இதையேதான் நினைத்தேன், சூப்பு வரட்டும் என்று. வந்தது, குடித்தேன், கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த கீரையைக் கரண்டியால் சுரண்டிக்கூடத் தின்றேன், கேட்கவில்லை. நான் இப்படிப்பட்ட ஆளே கிடையாது. கெமிஸ்ட்ரி பீரியடில் எழுந்து நின்று "நீங்க போர்டுல போட்டது தப்பு மிஸ்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றவள் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மார்க் விசாரித்த அத்தைகளிடம் "சுமார்தான், டாக்டர்லாம் ஆகமாட்டேன், வேற பேசுங்க" என்று சொன்னவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேள்வி வாயில் வரமாட்டேன் என்கிறது. டாடி, நீங்க ஊருக்குத் திரும்பி வாரீங்களா இல்லையா? அவ்வளவுதான். நாளைக் காலையில் எனக்கு பிளேன். லிஸ்பனில் இதுதான் கடைசி மதியம். எதிரே டாடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பீர் டம்ளரின் வெளியே வழியும் தண்ணியை விரலால் துடைத்துக்கொண்டு, சரிவில் ஏறி வரும் மஞ்சள் டிராமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேள்வி என்னுடையதுகூட இல்லை, மம்மியுடையது. தூத்துக்குடியில் என் பெட்டியை அடுக்கும்போது நிமிராமலே சொன்னாள்: "ஊரு சுத்து, தின்னு, என்ன வேணா செய். வரும்போது ஒரு பதிலோட வா." நீங்களே கேளுங்களேன் மம்மி என்றேன். "நான் கேட்டா சண்டையாயிரும்ட்டி. நீ கேட்டா சொல்லுவாங்க." எனக்கு மட்டும் சண்டை வராது என்று யார் சொன்னது? வந்தால் என்ன, வரட்டுமே என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது ஒலிவங்காயின் கொட்டையை நாக்கில் உருட்டிக்கொண்டு, சாளை வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டாடி கப்பலில் என்ஜினியராக இருந்தபோது இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. கப்பல் என்றால் போகும், வரும். கான்ட்ராக்ட் முடிந்தால் ஆள் வாசலில் நிற்பார், கறுத்துப் போய், சாக்லேட் வாசனையோடு. பிறகு லிஸ்பனில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கரை வேலை கிடைத்தது. எங்கள் தெருவே வாழ்த்தியது, கடல் வேலை போய்க் கரை வேலை வந்துவிட்டது என்று. கரை வேலைக்கு முடிவு தேதி இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிறிஸ்மஸுக்கு வாரேன் என்றார். அடுத்த கிறிஸ்மஸுக்கும் அதையே சொன்னார். அதற்கப்புறம் மம்மி கேட்பதை நிறுத்திவிட்டாள், ஃபோனில் இரண்டு பேரும் கேஸ் தீர்ந்ததையும் மோட்டார் ரிப்பேரானதையும் மட்டும் பேசிக்கொண்டார்கள். இப்போது என்னை வரவழைத்து, வந்த நாளிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கிறார். லிஸ்பனில் கோட்டை இருக்கிறதாம், பெரிய கோயில் இருக்கிறதாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்தது வெளியிலிருந்துதான், கையில் எதையாவது தின்றுகொண்டு. பன்றிக்கறியைப் பூண்டிலும் ஒயினிலும் ஊறவைத்து ரொட்டிக்குள் திணித்து ஒன்று தந்தார்கள், சாறு முழங்கை வரை வழிந்தது. நீள கிளாஸில் பால் காபி. டாடிக்குக் கட்டைவிரல் அளவுக் கோப்பையில் கறுப்புக் காபி, அதை நின்றபடியே ஒரே மடக்கு. செர்ரிப் பழத்தை ஊறப்போட்ட சாராயம் ஒன்று, குட்டி கிளாஸில், எனக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு "உங்க மம்மிகிட்ட சொல்லிராத" என்றார். காது வரைக்கும் எரிந்தது. அப்போது கேட்டிருக்கலாம், தைரியமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார், அந்த முகத்திடம் எப்படிக் கேட்பது. ஒருநாள் கருவாடு. ஆமாம், இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து கருவாடு. கட்டையாகக் காய்ந்த வெள்ளை மீனைத் தண்ணியில் ஊறவைத்து, உப்பை எடுத்து, உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் பிசறித் தருகிறார்கள். வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்து, ஊரே மணக்கும் என்று கத்துகிறவர், இங்கே அதற்காக வரிசையில் நின்றார். ஜன்னல் என்பதே இவர்கள் கொடுத்த சொல்தான் பாப்பா என்று வரிசையில் நின்றபடி பாடம் நடத்தினார். மேசை, சாவி, அலமாரி, எல்லாம் இங்கிருந்து வந்ததுதான், கேட்டுப் பாரு, அப்படியே சொல்லுவாங்க. கேட்டேன். அப்படியேதான் சொல்கிறார்கள். அதற்கு என்ன இப்போது?

முட்டைக் கதையைக்கூட அப்படித்தான் சொன்னார். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, மஞ்சளாகக் கூழ் நிரப்பி மேலே கருகக் கருகச் சுட்ட கிண்ணிக் கேக் வாங்கித் தந்தார், சூடு ஆறாமலே, பட்டைத்தூள் தூவி. ஓரம் நொறுங்கியது, நடுவில் நாக்கு வெந்தது, நான் பேசாமல் அடுத்ததை எடுத்தேன். "இதுல மஞ்சக்கரு மட்டுந்தான் போடுவாங்க. தூத்துக்குடி மக்ரூன்ல வெள்ளைக்கரு மட்டும். ஒரே முட்டைதான் பாப்பா, பாதி அங்க, பாதி இங்க" என்றார். "அப்ப ஓடு யாருக்கு?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மக்ரூன் என்று அவர் சொன்னதுமே எனக்கு மூக்கில் எங்கள் ஊர் பேக்கரி அடித்தது, முந்திரியும் சீனியும் சேர்ந்து லேசாகத் தீய்கிற வாசனை, கண்ணாடிப் பெட்டிக்குள் கூம்பு கூம்பாக வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் முதலில் அங்கேதான். பைக் டேங்கின் மேல் நான், நடுவில் டாடி, பின்னால் ஒருக்களித்து மம்மி, அவள் மடியில் மக்ரூன் பொட்டலம். கூம்பின் நுனியை மம்மி கடித்துவிட்டுத்தான் எனக்குத் தருவாள், நுனியில்தான் ருசி என்று தெரிந்தே செய்வாள், நான் கத்துவேன், டாடி கண்ணாடியில் பார்த்து "ரெண்டு கழுதைகளும் சும்மா வாங்க, பைக்கு ஆடுது" என்பார். சாயங்காலம் புரோட்டா. ரோட்டோரம் பெஞ்சு, வாழையிலை, மாஸ்டர் கல்லில் கொத்துகிற சத்தம், எண்ணெயில் பொரித்த புரோட்டாவை டாடி கையால் நொறுக்கி என் இலையில் போட்டு, சால்னாவை ஊற்றி, "ஊறட்டும், ஊறட்டும், நாய்க்குட்டி மாதிரி முழுங்காத" என்று என் கையைத் தட்டுவார். அந்தத் தட்டல் வலிக்கும். நிஜமாகவே வலிக்கும், பெரிய கை. கப்பலிலிருந்து அவர் இறங்கி வீட்டில் இருந்த மாதங்கள் எல்லாமே எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. நடுவில் திங்கள், செவ்வாய் எல்லாம் வந்திருக்க வேண்டுமே, ஒன்றுகூட நினைவில்லை.

இங்கே அவர் என் கையைத் தட்டவே இல்லை. இது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது, நத்தை தின்றபோது. நத்தை நான் கேட்டு வந்ததில்லை. இந்தக் கடையில் பரிமாறுகிற நூனோ என்கிற ஆளுக்கு டாடியை நன்றாகத் தெரியும், தூரத்தில் வரும்போதே "மஷாது!" என்று கூப்பிடுகிறான். எங்கள் வீட்டுப் பெயர் ஸ்கூல் ரிஜிஸ்டரில் மச்சாடோ, தெருவில் மச்சாது, இங்கே மஷாது. ஸ்கூலைவிட இவன் சொல்வதுதான் எங்கள் தெருவுக்குக் கிட்டே இருக்கிறது. நேற்று என் பெயரைக் கேட்டான். ரெனிட்டா மச்சாது என்றேன். அவ்வளவுதான், இந்தப் பெயர் உள்ளவளுக்குப் போர்த்துகீஸ் தெரியாமலா இருக்கும் என்று கொட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்ல இடமே விடவில்லை, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன், ஒரு பெரிய தட்டு நிறைய நத்தை வந்தது. கொம்பெல்லாம் அப்படியே இருந்தது. டாடி கண்ணில் தண்ணி வருகிற மாதிரி சிரித்தார். "மச்சாதுன்னு சொல்லிட்டு தலையை வேற ஆட்டுனா விடுவானா?" பல்குத்தும் குச்சியால் ஒன்றை இழுத்து வாயில் போட்டேன். பூண்டுத் தண்ணியில் வெந்த சிப்பி மாதிரி இருந்தது, மோசமில்லை, ஆனால் பாதிக்கு மேல் கொம்பைப் பார்க்க முடியவில்லை, தட்டைத் தள்ளி வைத்தேன். தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்து காத்திருந்தேன். வீட்டில் என்றால் இந்நேரம் கத்தியிருப்பார். கறிவேப்பிலையை ஒதுக்கினாலே திட்டுகிறவர். தட்டில் மிச்சம் வைத்தால் அதைத் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க விடாதவர். "பரவால்ல பாப்பா, வெச்சிரு, வேற என்ன வேணும் சொல்லு" என்றார். பரவால்ல. இந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறேன் என்று ராத்திரி படுக்கையில் யோசித்தேன். கப்பல் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களிடம் சொல்வார். பரவால்ல, வெச்சிருங்க, இன்னொரு துண்டு வெச்சுக்கோங்க, ஒண்ணுமே சாப்பிடலியே. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வருவார். விருந்தாளிகள் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பனியனோடு தரையில் மல்லாந்து படுத்து அப்பாடா என்பார். நாளைக்கு ஏர்போர்ட்டிலிருந்து அவர் அறைக்குத் திரும்பிப் போய் என்ன செய்வார்?

சாளை வந்துவிட்டது. கரியில் சுட்டது, தோல் வெடித்து, தலையோடும் வாலோடும் நீளமாக, பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு. இந்தத் தெரு முழுக்க இதே புகைதான், ஜூன் மாதம் ஏதோ புனிதருக்குத் திருவிழாவாம், மேலே கலர்க் காகிதம் கட்டியிருக்கிறார்கள், வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்து மீன் சுடுகிறார்கள். வாசனை கொஞ்சம் எங்கள் ஊர்தான், மஞ்சளும் மிளகாயும் மட்டும் இல்லை. டாடி ஒரு மீனை எடுத்து ரொட்டித் துண்டின் மேல் வைத்து, விரலால் அழுத்தி, முள்ளை ஒரே இழுப்பில் உருவினார். எண்ணெய் ரொட்டிக்குள் இறங்கியது. அதை என் தட்டில் வைத்தார். இப்போது கேட்கலாம். ஒரு வாய் தின்றுவிட்டு. கடித்தேன், உப்பு, கரி, பிறகு நெய் மாதிரி ஒன்று வாய் முழுக்க, சத்தியமாக அப்படி ஒரு ருசி, கோபமாகக்கூட வந்தது. "எப்படி?" என்றார். "நல்லாருக்கு." "நம்ம ஊர்ல இந்த மாசந்தான் சாளைக்கு நெய் ஏறும். ஜூலை தாண்டுச்சுன்னா வெறும் சக்கை." நான் மென்றுகொண்டே, "ஜூன்லயா? பாதி ஜூன் தடைக்காலம்லா டாடி, விசைப்படகே போகாது, மம்மி மார்க்கெட்டுக்குப் போயிட்டு வெறும் கோழியோட வருவாங்க" என்றேன். அவர் அடுத்த மீனின் தோலை உரித்தபடியே, "அங்க இல்ல பாப்பா, நம்ம ஊர்ல" என்றார். சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும். ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அங்க. நம்ம ஊர்ல. தூத்துக்குடி அங்க, லிஸ்பன் நம்ம ஊர். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, துப்ப வேண்டிய ருசியும் இல்லை அது. வந்த நாளிலிருந்து அவர் பேசியதை எல்லாம் பின்னாலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அங்க இப்ப வெயிலா? அங்க இன்னும் கரண்ட் போகுதா? உங்க மம்மி அங்க தனியா சமாளிச்சிருவாளா? அப்போதெல்லாம் காதில் விழவில்லை, தூரத்தில் இருக்கும் ஊரை அங்க என்றுதானே சொல்வார்கள். எங்க ஊர்ல என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. எங்க என்றால் நான் அதில் சேர்த்தி இல்லை, எதிர்ப்பக்கம் நின்று சண்டை போடலாம், உங்க ஊராம்ல உங்க ஊரு என்று கத்தலாம். நம்ம என்கிறார். நம்ம என்றால் அதற்குள் நானும் இருக்கிறேன், கேட்கிற ஆளைச் சேர்த்துக்கொண்டுதானே அந்தச் சொல் வருகிறது. அப்படியானால் அவர் ஊருக்குள் என்னை உட்காரவைத்து மீன் ஊட்டிவிட்டார். மம்மி அதில் இல்லை. மம்மி அங்க இருக்கிறாள், அங்க என்கிற இடத்தில், கதவைப் பூட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு. நானும் அவளும் மட்டும் உள்ள வீட்டில் அவள் ஒழுங்காகச் சமைப்பதில்லை, ரசம், முட்டை, போதும். ஞாயிற்றுக்கிழமைகூட. ஞாயிற்றுக்கிழமைகூட என்று நினைத்ததும் பயம் வந்தது. அந்தப் பைக், அந்தப் புரோட்டா, அந்த மக்ரூன் எல்லாம் இனிமேல் நடக்கப்போவது என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும் என்று. அது முடிந்துபோன விஷயம் என்றால்? கடைசியாக மூன்று பேரும் பைக்கில் போனது எந்த ஞாயிறு, என்ன தின்றோம், யார் கடைசி மக்ரூனை எடுத்தது? கடைசி என்று தெரியாததால் கவனிக்கவே இல்லை. கவனித்திருப்பேன். தெரிந்திருந்தால் நிச்சயமாகக் கவனித்திருப்பேன். அவரை வெறுக்கவாவது முடிந்தால் சுலபம். ஆனால் இந்த மனுஷன் இங்கே நன்றாக இருக்கிறார். தொப்பை குறைந்திருக்கிறது. நடக்கும்போது விசில் அடிக்கிறார். எங்கள் தெருவில் விசில் அடித்து நான் பார்த்ததே இல்லை. வேறு யாரும் பொம்பளை இருக்கிறாளா என்று அவர் குளிக்கும்போது அறையை நோட்டம்விட்டேன், ஒருத்தியும் இல்லை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துவாலை, எனக்காகப் புதிதாக வாங்கிய இன்னொரு துவாலை. ஒருத்தி இருந்திருந்தால் மம்மியிடம் சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவளைத் திட்டியே நாங்கள் இரண்டு பேரும் பத்து வருஷம் ஓட்டியிருப்போம்.

"என்ன பாப்பா, ஆறிரப் போகுது." ஆறட்டும். கேட்டுவிடு ரெனிட்டா, வாயைத் திற. திறந்தேன், "இன்னொரு ரொட்டி வேணும்" என்று வந்தது. கூடையை நகர்த்தி வைத்தார். அப்போதுதான் மேசையில் ஃபோன் அதிர்ந்தது. மம்மி. அங்கே விளக்கு வைக்கிற நேரம், டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். டாடி திரையில் பெயரைப் பார்த்துவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணெய்க் கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். "என்னட்டி செய்ற?" "சாப்பிட்டுட்டு இருக்கேன்." "எப்பப் பாரு தின்னுகிட்டே இருக்க. என்னது இன்னைக்கு?" "சாளை." "சாளையா? அதைத் திங்கவா அங்க போன?" சிரித்தாள். அவளுக்கும் இது அங்க. பிறகு குரலைத் தணித்து, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி, "கேட்டியா?" என்றாள். நான் டாடியைப் பார்த்தேன். "கேட்டேன்" என்றேன். ரொட்டியைப் பிய்த்த அவர் கை நின்றது. "என்ன சொன்னாங்க?" "வரலையாம்."

சொன்னது நான்தான். அவரிடம் கேட்காமலே. இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏய், நான் எப்பட்டி அப்படிச் சொன்னேன், பொய்யா சொல்ற, என்று கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட இந்தத் தெருவில் எழுந்து நின்று ஆடியிருப்பேன். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டோரம் ஒரு சின்ன முள் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டது அவருக்கு, எல்லாம் கேட்டுவிட்டது, எதைப் பற்றி என்று கேட்கவே இல்லை பாருங்கள். ஃபோனில் டிவி விளம்பரம் ஓடியது. "அவங்களே சொன்னாங்களா, நீயா சொல்றியா?" மம்மிக்கு என்னைத் தெரியும். டிராம் ஒன்று கிறீச்சிட்டு இறங்கிப் போனது. அது போய் முடிகிறவரைக்கும் அவருக்கு நேரம் கொடுத்தேன். "அவங்களேதான்" என்றேன்.

டாடி கைக்குட்டைக் காகிதத்தை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கையை நீட்டினார். "குடு." கொடுத்தேன். ஃபோனைக் காதில் வைத்தார். பிறகு "ஜூடித்" என்றார். நான் வந்ததிலிருந்து மம்மியின் பெயரை அவர் சொல்லவில்லை. மம்மி என்ன சொன்னாளோ தெரியாது, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார், "ம்" என்றார், மறுபடியும் "ம்" என்றார், காகிதத் தோரணத்துக்குக் கீழே சரிவில் நடந்து போனார், மீன் சுடுகிற புகை நடுவில் வந்தது, முதுகு தெரிந்தது, அப்புறம் வளைவில் அதுவும் தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ரொட்டியில் இருந்த மீனைத் தின்று முடித்தேன், ஆறியும் நன்றாகத்தான் இருந்தது. அவர் தட்டில் ஒரு முழுச் சாளை அப்படியே கிடந்தது, தோல் பாதி உரித்தபடி. நூனோ வந்தான். காலி நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னவோ கேட்டுக்கொண்டே டாடியின் தட்டில் கையை வைத்தான். இந்தத் தடவை நான் தலையை ஆட்டவில்லை. தட்டின் இந்த ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்க" என்றேன், தமிழில். "டாடி வந்துருவாங்க."